25 சதத் துண்டு: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் ஒரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, "இலவச வைத்தியத்துக்கு முதல் எதிரி சொந்தக் கட்சிக்காரன்தான்" என்று போகிற போக்கில் ஒரு வரி போட்டுவிட்டேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள் ஒரு சொப்பிங் பை நிறைய. பென்சன், பயிர், பக்கத்து வீட்டு வேலி என்று வழக்கமாகக் கேட்பவர்கள் கோபிக்க வேண்டாம், அடுத்த மாதம் பார்க்கலாம். இந்த மாதம் முழுக்க ஆஸ்பத்திரிதான். மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் 38 வருடம் நின்றவன் என்பதால் இந்த விசயத்தில் எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

கேள்வி: என் மகன் ரொறன்ரோவில் இருக்கிறான். மருமகளின் பிள்ளைப்பேற்றுக்கு ஆஸ்பத்திரியில் ஒரு சதமும் கட்டவில்லை. தங்கையின் மகன் அமெரிக்காவில், நியூ ஜேர்சியில். கை முறிந்ததற்கு வந்த பில்லை இன்னும் தவணையில் கட்டிக்கொண்டிருக்கிறான். பக்கத்துப் பக்கத்து நாடு, இரண்டிலும் தேர்தல் நடக்கிறது. ஏன் இந்த வித்தியாசம்?
(ஓய்வுபெற்ற ஆசிரியை, உவர்மலை)

டீச்சர், கனடாவுக்கும் அது சும்மா வந்து விழவில்லை. முதலில் தொடங்கியது சஸ்காச்சுவான் என்ற, கோதுமை விளைகிற ஒரு மாகாணம். விதை போட்டவர் ரொமி டக்ளஸ், முன்பு பாதிரியாராக இருந்தவர். அவர் ஒட்டாவாவுக்கு, மத்திய அரசியலுக்குப் போன பிறகு வூட்ரோ லொயிட் என்பவர் முதல்வராக இருந்தபோது, 1962 ஜூலை 1ஆம் திகதி திட்டம் நடைமுறைக்கு வந்தது. அன்றைக்கே டொக்டர்மார் வேலைநிறுத்தம். 23 நாள். பிரிட்டனிலிருந்து டொக்டர்களைக் கூட்டிவந்து சமாளித்தார்கள். 1964 தேர்தலில் லொயிட்டின் கட்சி தோற்றது.

இனித்தான் கவனிக்க வேண்டியது. திட்டத்தை எதிர்த்த லிபரல் கட்சி ஆட்சிக்கு வந்தது. ஆனால் அதை ஒழிக்கவில்லை. இரண்டு வருடத்தில் சனம் பழகிவிட்டது, இனித் தொட்டால் சுடும். 1968இல் டொக்டரைப் பார்க்கப் போனால் ஒன்றரை டொலர் என்று ஒரு சின்னக் கட்டணம் மட்டும் வைத்துப் பார்த்தார்கள். 1971இல் ஆட்சி மாறியதும் அதுவும் போனது. இந்த ஒன்றரை டொலரை நினைவில் வைத்திருங்கள், கீழே தம்பலகாமத் தம்பிக்குப் பதில் சொல்லும்போது தேவைப்படும்.

நாடு முழுவதற்குமான சட்டம் 1966இல் வந்தது. அதுவும் லிபரல் கட்சியின் அரசுதான், பிரதமர் பியர்சன். அங்கே இழுத்துப் பிடித்தவர் எதிர்க்கட்சித் தலைவர் அல்ல. பியர்சனின் சொந்த நிதியமைச்சர் மிச்சல் ஷார்ப். "காசு எங்கே?" என்ற பழைய கேள்வி. 1967 ஜூலையில் தொடங்கவிருந்த திட்டம் ஒரு வருடம் தள்ளிப் போனது. தள்ளிப் போனதே தவிர, செத்துப் போகவில்லை.

அமெரிக்காவில் ட்ரூமன் 1945இலேயே எல்லாருக்கும் மருத்துவக் காப்புறுதி கேட்டார். டொக்டர்மார் சங்கம் அதை எதிர்த்த கதையை எல்லாரும் சொல்வார்கள். அவருடைய ஜனநாயகக் கட்சியின் தெற்கு மாநில உறுப்பினர்களைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. மத்திய அரசின் காசு வந்தால் பின்னாலேயே மத்திய அரசின் சட்டமும் வரும், கறுப்பரையும் வெள்ளையரையும் ஒரே வார்டில் படுக்கவைக்கச் சொல்லும் என்று அவர்களுக்குப் பயம். பயந்தது பிழையில்லை. 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான அரசாங்கக் காப்புறுதி, மெடிக்கேர், வந்ததும், 1966இல், அந்தக் காசு வேண்டுமென்றால் வார்டுகளைப் பிரித்துவைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். தெற்கில் பல ஆஸ்பத்திரிகள் அப்படித்தான் கதவு திறந்தன.

அந்த மெடிக்கேரைக்கூட வருடக்கணக்காகத் தன் மேசையில் போட்டுவைத்தவர் வில்பர் மில்ஸ், அதே ஜனநாயகக் கட்சிக்காரர், கீழ்ச்சபை வரிக்குழுவின் தலைவர். 1964 தேர்தலில் அவருடைய கட்சி அள்ளிக்கொண்டு வந்ததும் மனிதர் திரும்பிவிட்டார். கேட்டதைவிடக் கூடவே சேர்த்துக் கொடுத்தார். 1965 ஜூலை 30, ஜோன்சன் ஜனாதிபதி கையெழுத்து வைக்க ட்ரூமனின் ஊருக்கே போனார். முதல் அட்டை 81 வயது ட்ரூமனுக்கு. 20 வருடம் பிந்திக் கிடைத்த துண்டு.

உங்கள் தங்கையின் மகனுக்கு 65 ஆகும்வரை பொறுக்கச் சொல்லுங்கள் என்று பகிடிக்கும் எழுத மனம் வரவில்லை.

கேள்வி: ஐயா, நான் உயர்தரத்தில் அரசியல் விஞ்ஞானம் படிக்கிறேன். பெரும்பான்மை இருந்தால் சட்டம் நிறைவேறும் என்று சேர் சொல்கிறார். நீங்கள் சொந்தக் கட்சிதான் எதிரி என்கிறீர்கள். யார் சொல்வது சரி?
(மாணவி, சாம்பல்தீவு)

பிள்ளை, பரீட்சைக்கு சேர் சொல்வதையே எழுதுங்கள். மிச்சத்துக்கு இதைக் கேளுங்கள்.

2009இல் ஒபாமா மருத்துவக் காப்புறுதிச் சட்டம் கொண்டுவந்தபோது அவருடைய கட்சிக்கு அமெரிக்காவின் மேல்சபையான செனட்டில் 100இல் 60 பேர். எதிர்த்தரப்பு பேசிப் பேசியே சட்டத்தை இழுத்தடிப்பதை நிறுத்த 60 வேண்டும். சரியாக 60. கேட்க நன்றாக இருக்கிறது அல்லவா? யோசித்துப் பாருங்கள், ஒரு கல்யாண வீட்டில் 60 சொந்தக்காரரும் சம்மதித்தால்தான் தாலி கட்டலாம் என்றால், ஒவ்வொரு மாமனும் மாப்பிள்ளை வீட்டுக்குச் சமம். அப்படி ஒரு மாமன் ஜோ லீபர்மன். 2000இல் அதே கட்சியின் உப ஜனாதிபதி வேட்பாளர், பிறகு சுயேச்சையாக வென்று அவர்களோடு இருந்தவர். தனியார் காப்புறுதிக் கம்பனிகளோடு அரசாங்கமும் ஒரு காப்புறுதி நடத்தும் என்ற பகுதி இருந்தால் கை தூக்க மாட்டேன் என்றார். பகுதி போனது. அதற்குப் பதிலாக 55 வயதுக்காரரும் மெடிக்கேரில் சேரலாம் என்றார்கள். அதற்கும் மாட்டேன் என்றார். அதுவும் போனது. டிசம்பர் 24ஆம் திகதி 60க்கு 39 என்று செனட்டில் நிறைவேறியது. கீழ்ச்சபையில் 2010 மார்ச் 21, 219க்கு 212. எதிர்த்தவர்களில் 34 பேர் ஒபாமாவின் கட்சி. அந்தச் சட்டத்தால் கோடிக்கணக்கானவர்களுக்குக் காப்புறுதி கிடைத்தது உண்மை. 2023இலும் அங்கே சுமார் 2 கோடி 60 லட்சம் பேருக்கு ஒரு காப்புறுதியும் இல்லை என்பதும் உண்மை.

வெர்மொன்ட் கதை இன்னும் பாடம். சின்ன மாநிலம், ஆறே கால் லட்சம் சனம். எங்கள் திருகோணமலை மாவட்டத்தைப்போல இரண்டு மடங்குகூட இல்லை. ஆளுநர் பீற்றர் ஷம்லின் எல்லாருக்கும் ஒரே அரசாங்கக் காப்புறுதி என்று சொல்லியே வாக்குக் கேட்டவர். 2011இல் சட்டமும் போட்டார். சபையும் அவர் கட்சியின் கையில். 2014 டிசம்பரில் கணக்குப் பார்த்தார்கள்: முதலாளிமார் சம்பளப் பட்டியலில் 11.5 வீதம் வரி, அதோடு வருமானத்தில் 9.5 வீதம் வரை இன்னொரு வரி. ஷம்லின் தானே திட்டத்தைக் கைவிட்டார். தோற்கடித்தது எதிர்க்கட்சி அல்ல. சனம் ஏற்கெனவே காப்புறுதிக் கம்பனிக்குக் கட்டுகிற காசு இந்த வரிக்குப் பதிலாக மிஞ்சும் என்று விளக்கலாம்தான். ஆனால் கம்பனிக்குப் போகிற காசு சம்பளத்தில் பிடிபட்டுப் போவது; கண்ணுக்குத் தெரியாது. வரி கண்ணுக்குத் தெரியும்.

இடதுசாரிகளுக்குள்ளும் இப்படித்தான். 2020இல் ஜனநாயகக் கட்சியின் ஜனாதிபதி வேட்பாளராகத் தெரிவாகப் போட்டியிட்ட பேர்ணி சாண்டர்ஸ் தனியார் காப்புறுதியே வேண்டாம், எல்லாருக்கும் மெடிக்கேர் என்றபோது, லாஸ் வேகஸ் ஹோட்டல் சமையற்காரர் சங்கத் தலைமை குறுக்கே நின்றது. முதலாளிமாரோடு பல வருடம் மல்லுக்கட்டி வாங்கிய நல்ல மருத்துவத் திட்டம் அவர்களிடம் இருந்தது. கையில் இருப்பதைப் போட்டுவிட்டுப் பறப்பதைப் பிடிக்கச் சொல்கிறாயா என்று கேட்டார்கள். சங்க உறுப்பினர்கள் பலர் தலைமையைக் கேட்காமல் சாண்டர்ஸுக்கே போட்டார்கள், அது வேறு கதை.

மறுபக்கத்தையும் எழுதினால்தான் நியாயம். ஒபாமா சட்டத்தை ஒழிப்போம் என்று ஏழு வருடம் வாக்குக் கேட்டது குடியரசுக் கட்சி. 2017இல் எல்லாம் அவர்கள் கையில் வந்தது. ஜூலை 28ஆம் திகதி நடுச்சாமம் தாண்டி வாக்கெடுப்பு. ஜோன் மக்கெயின் நடந்துவந்து கட்டைவிரலைக் கீழே காட்டினார். 49க்கு 51. தோற்கடித்த மூன்று பேரும் அதே கட்சி. கட்ட விடாததும் சொந்தக் கட்சி, இடிக்க விடாததும் சொந்தக் கட்சி. சேருக்கு இதைச் சொல்லிப் பாருங்கள், நல்ல மனிதரென்றால் சிரிப்பார்.

கேள்வி: நேராகக் கேட்கிறேன், நீங்கள் எந்தக் கட்சி?
(பெயர் வேண்டாம், பாலையூற்று)

பிரசர், சீனி, கொலஸ்ட்ரோல். கூட்டணி அரசு. உள்ளுக்குள் கருத்து வேறுபாடு உண்டு.

கேள்வி: எங்கள் அப்பா சொல்வார், ஒரு காலத்தில் இங்கேயும் ஆஸ்பத்திரியில் 25 சதம் கட்டித்தான் மருந்து எடுத்தார்களாம். எனக்கு நம்பிக்கை இல்லை. உண்மையா?
(தம்பலகாமம் வாசகர்)

அப்பா சொன்னது உண்மை தம்பி. நான் அந்த 25 சதத்தைக் கண்ணால் கண்டவன்.

கொஞ்சம் பின்னால் போவோம். 1934, 35இல் மலேரியா இந்த நாட்டில் ஏறக்குறைய 80,000 உயிரைக் கொண்டுபோனது. அப்போது கிராமங்களுக்கு மருந்தும் பருப்பும் தூக்கிக்கொண்டு போன இளைஞர்களில் என்.எம். பெரேராவும் ஒருவர். 1935 முடியும்போது அவர்கள் சேர்ந்து தொடங்கியதுதான் லங்கா சமசமாஜக் கட்சி என்ற இடதுசாரிக் கட்சி. 1931 முதலே ஆண் பெண் எல்லாருக்கும் வாக்கு. வாக்குக் கேட்டு வந்தவனிடம் சனம் ஆஸ்பத்திரி கேட்டது. 1951இல் அரசாங்க ஆஸ்பத்திரியில் கட்டணம் எடுபட்டது. எடுத்தது யூ.என்.பி. (ஐக்கிய தேசியக் கட்சி) அரசு, இடதுசாரிகள் இல்லை.

இரண்டு வருடத்தில் அதே யூ.என்.பி.யின் நிதியமைச்சர் ஜே.ஆர். ஜயவர்தன கூப்பன் அரிசியை 25 சதத்திலிருந்து 70 சதமாக்கினார். 1953 ஓகஸ்ட் 12 ஹர்த்தால். ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்க வீட்டுக்குப் போனார்.

1970இல் சிறிமாவோ அம்மையாரின் கூட்டணி. நிதியமைச்சர் யார்? பருப்புத் தூக்கிய அதே என்.எம். திறைசேரியில் காசில்லை. 1971இல் வெளிநோயாளர் பிரிவில் (ஓ.பி.டி.) ஆளுக்கு 25 சதம் என்று வந்தது. சஸ்காச்சுவானில் ஒன்றரை டொலரை எடுத்த அதே வருடம் நாங்கள் வைத்தோம். 1977இல் அதைத் தூக்கியது யார் என்று நினைக்கிறீர்கள்? ஜே.ஆர். சூடு கண்ட பூனை. கட்சிகளை நிறம் பார்த்துப் பிரித்து வைத்திருப்பவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் தடுமாறுவார்கள். நானும் தடுமாறினேன்.

நான் வேலைக்குச் சேர்ந்தது 1973. எந்த ஆஸ்பத்திரி என்று எழுத மாட்டேன். அங்கே வேலை செய்தவர்களின் பிள்ளைகள் இந்தப் பத்திரிகை வாசிக்கிறார்கள். 25 சதத்தை வாங்கித் துண்டு எழுதும் மேசையில் ஒரு பழைய பிஸ்கட் தகரம் இருக்கும். காசு விழும் சத்தம் என் ஜன்னல்வரை கேட்கும். அந்தக் காலத்தில் மருந்துக்கு நோயாளிதான் போத்தல் கொண்டுவர வேண்டும். சர்பத் போத்தல், சாராயப் போத்தல், மூடிக்குப் பதிலாகச் சுருட்டிய கடதாசி. போத்தலைக் கழுவாமல் கொண்டுவந்தால் சத்தம் போடுவதற்கென்றே எங்களிடம் ஒரு பெரியவர் இருந்தார்.

ஒரு நாள் மூதூர்ப் பக்கத்திலிருந்து லோஞ்சில் ஒரு தாய் வந்தார். மூன்று பிள்ளைகள். மூன்று பேருக்கும் விரல் இடுக்கில், இடுப்பில் சொறி. கையில் ஒரே ஒரு துண்டு. நடுப் பிள்ளையின் பெயர் எழுதியிருந்தது. அதுதான் இரவில் கூட அழுததாம், அதனால் அதன் பெயரைக் கொடுத்தாராம். லோஞ்சுக்குத் திரும்பிப் போகிற காசை சேலைத் தலைப்பில் தனியாக முடிந்து வைத்திருந்தார். அதைத் தொட முடியாது.

சொறிக்குப் பூசும் வெள்ளை மருந்தை வீட்டிலுள்ள எல்லாரும் ஒரே நேரத்தில், கழுத்திலிருந்து உள்ளங்கால்வரை பூச வேண்டும். ஒரு ஆளை விட்டால் அந்த ஆளிடமிருந்து மற்றவருக்குத் திரும்ப வரும். எனக்கு அது தெரியும், பரீட்சையில் எழுதியும் இருக்கிறேன். ஆனால் ஒரு துண்டுக்கு ஒரு போத்தல். புதிதாகச் சேர்ந்தவன், பயம். ஒன்றை அளந்து ஊற்றிக் கொடுத்தேன். அவர் அதை மூன்றாகப் பிரித்துப் பூசியிருக்கிறார், ஒருவருக்கும் போதவில்லை. இரண்டு கிழமையில் மூன்று பேரும் சொறிந்துகொண்டே திரும்ப வந்தார்கள். இப்படி நான்கு முறை. பிஸ்கட் தகரத்துக்கு ஒரு ரூபா வரவு, அலுமாரியிலிருந்து நான்கு போத்தல் செலவு. முதல் நாளே மூன்று போத்தல் கொடுத்திருந்தால் முடிந்திருக்கும். ஐந்தாம் முறை வந்தபோது பெரியவர் என்னைத் தள்ளிவிட்டு, சத்தமில்லாமல் ஒரு பெரிய சாராயப் போத்தலை நிரப்பிக் கொடுத்தார். கழுவினதா என்றுகூடக் கேட்கவில்லை.

எங்கள் ஊழியர் சங்கத்தில் இரண்டு பேர். ஒரே இடதுசாரிக் கட்சி, மே தினத்தில் ஒரே பதாகையின் இரண்டு கம்பைப் பிடித்துப் போனவர்கள். ஒருவர், "நாடு நட்டத்தில் கிடக்குது, ஒரு பிளேன்ரீக் காசுதானே, குடுத்தால் என்ன?" என்பார். மற்றவர், "பிளேன்ரீயை விடலாம், மருந்தை விடலாமா?" என்பார். ஒரு வருடத்துக்கு மேல் அவர்களுக்குள் பேச்சில்லை. இருவரும் தனித்தனியாக யூ.என்.பி.க்காரரோடு கரம் விளையாடுவார்கள்.

கேள்வி: வசதி உள்ளவனிடம் காசு வாங்கி, இல்லாதவனுக்கு மட்டும் இலவசம் என்றால் என்ன குறை? எனக்குக் கடை இருக்கிறது, நான் கட்டத் தயார்.
(வியாபாரி, கிண்ணியா)

முதலாளி, உங்கள் மனசுக்கு நன்றி. இந்த யோசனை கெட்டவர்களுடையது இல்லை. இதைச் சொன்னதால்தான் பிரிட்டிஷ் தொழிற்கட்சியே பிளந்தது.

அங்கே 1948 ஜூலை 5ஆம் திகதி எல்லாருக்கும் இலவச மருத்துவம் தொடங்கியது. கொண்டுவந்தவர் அனூரின் பெவன், வேல்ஸ் நிலக்கரிச் சுரங்கத்தில் சிறுவனாக வேலை செய்தவர். தொடங்கும்போதே அமைச்சரவைக்குள் ஒரு பெரிய வாக்குவாதம்: ஆஸ்பத்திரிகளை நகரசபைகளிடமே விட வேண்டும் என்று ஹேர்பேர்ட் மொரிசன், இல்லை முழுவதும் நாட்டுடைமை என்று பெவன். அதில் பெவன் வென்றார். 1951இல் கொரிய யுத்தம், ஆயுதத்துக்குக் காசு வேண்டும். நிதியமைச்சர் கெயிற்ஸ்கெல், பொய்ப்பல்லுக்கும் மூக்குக் கண்ணாடிக்கும் பாதி விலையை நோயாளி கட்டட்டும் என்றார். அந்த வருடம் மிஞ்சுவது 1 கோடி 30 லட்சம் பவுண். அரசாங்கக் கணக்கில் அது கடலைக் காசு. பெவன் பதவியை விட்டெறிந்தார். கூடவே ஹரோல்ட் வில்சனும். ஆறு மாதத்தில் கட்சி தேர்தலில் தோற்றது.

வில்சன் பிறகு பிரதமரானார். 1965இல் மருந்துச் சீட்டுக்கு இருந்த கட்டணத்தை எடுத்தார். 1968இல், நாணயம் விழுந்து கஷ்டம் வந்ததும், தானே திரும்பவும் வைத்தார். கட்டணத்துக்காகப் பதவி விலகிய மனிதர்! நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன். நானும் ஒரு துண்டுக்கு ஒரு போத்தல் ஊற்றினவன்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஜன்னலில் நிற்கிறவனுக்கு வசதி இருக்கிறதா என்று யார் பார்ப்பது? கழுத்தில் சங்கிலியோடு வந்த பெண்ணை வசதி என்று எழுதினோம். அடுத்த கிழமை சங்கிலி அடைவுக் கடையில், அவர் வார்டில். மீன்காரருக்கு மாசியில் காசு, வாடைக் காற்றில் பட்டினி. எந்த மாதத்து வருமானத்தை எழுதுவது? அப்படி எழுத ஒரு உத்தியோகத்தர், அவருக்கு ஒரு மேசை, அவரைத் தெரிந்தவருக்கு ஒரு வழி, தெரியாதவருக்கு ஒரு வழி.

அதைவிட எனக்குப் பெரிய பயம் வேறு. வங்கி மனேஜரும் நீங்களும் அந்த வாங்கில் குந்தியிருக்கும்வரைதான் ஓ.பி.டி.யில் ஃபேன் சுற்றும். நின்றால் நீங்கள் போன் எடுப்பீர்கள். நீங்கள் எல்லாரும் காசு கட்டி வேறு கதவால் போய்விட்டால், மிச்சம் இருப்பவர்கள் விசிறிக்கொண்டு இருப்பார்கள். 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் வந்த அன்று யாரும் துண்டு எழுதவில்லை, யாரும் யாருடைய கடையையும் கேட்கவில்லை. தனி அறை வேண்டும், ஏ.சி. வேண்டும் என்றால் கட்டணப் பிரிவில் தாராளமாகக் கட்டுங்கள், அதில் எனக்குப் பிரச்சினை இல்லை. மருந்துக்குக் கட்டத் தயார் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், அதிகாரிமார் காதில் விழுந்துவிடும். உங்கள் பங்கை வரியாகக் கட்டுங்கள். கட்டுகிறீர்கள்தானே?

கேள்வி: டெங்குவுக்குப் பப்பாசி இலைச் சாறு நல்லதா?
(இல்லத்தரசி, மட்டிக்கழி)

சாறைப் பிழிந்துகொண்டு வீட்டில் இருந்து நேரத்தை விட்டவர்களைக் கண்டிருக்கிறேன். காய்ச்சல் இரண்டு நாளைத் தாண்டினால் இரத்தப் பரிசோதனை. பனடோல் அளவாகக் கொடுக்கலாம், டிஸ்பிரின், புரூபன் கூடவே கூடாது. காய்ச்சல் விட்ட நாள்தான் ஆபத்தான நாள். வயிற்று நோவு, வாந்தி, உடம்பு குளிர்ந்தால் 1990க்கு அடியுங்கள், அம்புலன்சுக்குக் காசில்லை.

கேள்வி: இலவசம் என்று பெயர். கிளினிக்குக்குப் போனால் நாலு மருந்தில் இரண்டை வெளியே வாங்கச் சொல்கிறார்கள். இது என்ன இலவசம்?
(மூதூர் வாசகர்)

இந்தக் கடிதத்தைத்தான் நான் எதிர்பார்த்தேன். மூதூரிலிருந்து வந்ததும் ஒரு பொருத்தம்.

பாருங்கள், 1977க்குப் பிறகு எந்தக் கட்சியும் ஓ.பி.டி.யில் 25 சதம் கேட்கத் துணியவில்லை. சிவப்பு, பச்சை, நீலம் எதுவும். ஆனால் நாட்டில் மருத்துவத்துக்குச் செலவாகும் மொத்தக் காசில் ஏறக்குறைய பாதி சனத்தின் பையிலிருந்துதான் போகிறது. எப்படி? யாரும் சட்டம் போடவில்லை, யாரும் கை தூக்கவில்லை. அலுமாரியில் மருந்து குறையும். ஸ்கான் மெஷின் பழுதாகும். பின்னேரம் அதே டொக்டரை வெளியே பார்க்கலாம். கட்டணத்தை எடுத்த அதே 1977 ஆட்சிதான் அரசாங்க டொக்டர்மார் வெளியே பார்க்கவும் திரும்ப இடம் கொடுத்தது. ஒரு கையால் 25 சதத்தை எடுத்து மறு கையால் கதவைத் திறந்தது.

மருந்து விசயத்தில் எங்களுக்கு ஒரு நல்ல வழி இருந்தது. பேராசிரியர் சேனக பிபிலே. 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் வந்தபோது அதன் தலைவர். கம்பனிப் பெயரை விட்டு மருந்தின் பெயரால் மொத்தமாக வாங்கினால் எவ்வளவு மலிவு என்று செய்து காட்டியவர். 25 சதம் வாங்கிய அதே அரசாங்கம்தான் இதையும் செய்தது. அதையும் சொல்ல வேண்டும். அந்த அரசுக்குள்ளேயே பிபிலேக்கு முட்டுக்கட்டை போட்டவர்களும் இருந்தார்கள். 1977இல் அவர் இறந்தார், அதே வருடம் ஆட்சியும் மாறி, இறக்குமதிக் கதவு அகலத் திறந்தது. அவர் எழுதிவைத்ததில் ஒரு பங்கையாவது சட்டமாக்க 2015 ஆனது. 2022இல் டொலர் இல்லாமல் போனபோது, வெளியிலிருந்து வரும் மருந்தையே நம்பியிருந்த நாடு என்ன பாடு பட்டது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

போன மாதம் என் கிளினிக் கொப்பியில் ஐந்து மருந்து. மூன்று உள்ளே கிடைத்தது. இரண்டுக்குச் சின்னத் துண்டு எழுதி, "ஐயா, வெளியில எடுங்கோ" என்று ஜன்னலுக்குள்ளிருந்து நீட்டினாள் ஒரு பிள்ளை. வேலைக்குப் புதிது, முகத்தைப் பார்க்கவே தெரிந்தது. பாமசியில் 2,640 ரூபா. எனக்கு அந்தப் பிள்ளையோடு கோபம் வரவில்லை. அது நின்ற இடத்தில் நின்றவன் நான்.

கேள்வி: தேர்தலுக்கு வீட்டுக்கு வருகிறவர்களிடம் என்னதான் கேட்பது? எல்லாரும் "சுகாதாரத்தை மேம்படுத்துவோம்" என்றுதான் சொல்கிறார்கள்.
(குச்சவெளி வாசகர்)

எதிர்க்கட்சி என்ன செய்தது என்று கேட்காதீர்கள், அதற்கு மணிக்கணக்காகப் பதில் வரும். "உங்கள் கட்சியில் இதற்குக் காசு தர மாட்டேன் என்று சொல்லப்போகிறவர் யார்? அவருக்கு நீங்கள் என்ன சொல்வீர்கள்?" என்று கேளுங்கள். ஆளுக்கு முகம் மாறுவதைப் பார்க்கலாம். எங்கள் ஆஸ்பத்திரியில் சீனிக்கும் பிரசருக்கும் எத்தனை மாதத்து மருந்து இருப்பில் இருக்கிறது என்றும் கேளுங்கள். தெரியாவிட்டால் கேட்டுக்கொண்டு வரச் சொல்லுங்கள்.

சென்ற முறை எங்கள் படலைக்கு ஒருவர் வந்தார். கேட்டேன். "அதெல்லாம் கொழும்பு பார்க்கும் ஐயா" என்றார். பின்னால் நோட்டீஸ் கட்டோடு நின்ற அவருடைய பொடியன் ஒருவன், தலைவர் அடுத்த வீட்டுக்குத் திரும்பியதும், "எங்கட அம்மாவுக்கும் இன்சுலின் வெளியிலதான் ஐயா வாங்குறம்" என்றான், மெதுவாக. அவனிடம் கொஞ்சம் நோட்டீஸ் கூடுதலாக வாங்கி வைத்தேன். பின்பக்கம் வெள்ளை. பாமசிக்கு எழுதிக்கொண்டு போக உதவுகிறது.